வான்மட்டம்

முதலில் நாலாயிரத்து இருநூறு என்று போட்டேன்.
லாப்டொப் மடியில் சுட்டது.
ஸ்ரார்லெற்றின் டாஷ்போட்டுக்குக் கீழிருந்து வந்த வயரைத்
தொப்புள்கொடி என்று எழுத ஆசை.
இல்லை, அது வயர்தான்,
இரண்டு இடத்தில் கறுப்பு ரேப் சுற்றியது.

ஜெனிற்றா கிளச்சை அடிமட்டும் மிதித்தாள்,
மற்றக் காலால் அக்சிலேற்றரை முழுதாக.
முள் ஏறியது. நாலாயிரத்து இருநூறில் முட்டியது.
நின்றது என்று சொல்ல ஏலாது,
நடுங்கியது.

மாரியில் குளக்கட்டில் நின்றவர்களுக்கு விளங்கும்:
மழை விடவில்லை, வரத்துக் குறையவில்லை,
என்றாலும் ஒரு மட்டத்துக்கு மேலே தண்ணீர் ஏறாது,
வான் பாயும்.
இதுவும் அதுதான். பிறேக் இல்லை.
காலை எடு என்று ஒருவரும் சொல்லவில்லை,
பொறியை மட்டும் விட்டுவிட்டு மறுக்கிறது கணினி.
பொறி கிடைக்காத பெற்றோல்
எரியாமலே புகைக்குழாய்க்குள் போய்
அங்கே வெடிக்கிறது.

பட். பட்பட். பட்.

மாங்குளத்துக்குக் கிழக்கே, ஒலுமடுப் பக்கம்,
விடிய ஐந்தரை.
பாலைமரங்களுக்குள் மயில்கள் ஒரேயடியாய்க் கத்தின.
நடுறோட்டில் ரோச்லைற்றோடு நின்ற தவரூபன்
தாரில் குப்புறக் கிடந்தான்.

முழங்கை நிலத்தில். கை இரண்டும் காதில். வாய் திறந்தபடி.
வாயைத் திறந்தால் செவிப்பறை தப்பும் என்று
எங்கள் எல்லாருக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது.

எழும்பினான், சிரித்தான்,
சாரத்தில் ஒட்டின கிரவலைத் தட்டினான்.
"சொல்லிப்போட்டு வெடிக்க வையுங்கோவன்ரா."
முப்பத்தெட்டு வயது. மூன்று பிள்ளைகள்.
லைற் காட்டுறதுக்கு அவனைப்போலச் சுத்தமான கை
இந்தப் பக்கத்தில் கிடையாது,
இரு காருக்கும் ஒரே இமைப்பில் விழும்.

அடுத்த முறை சொல்லித்தான் வெடிக்க வைத்தோம்.
சொல்லியும்
முழங்கால் மடிந்தது.

கிளச்சை விட்டதும் ரயர் சுற்றியது, புகைந்தது,
கார் இருந்த இடத்திலேயே கொஞ்சம் ஆடிவிட்டுத்தான் போனது.
நாலாயிரம் போட்டேன். அப்போதும் சுற்றியது.
மூவாயிரத்து ஐந்நூறில் இருமிப் படுத்தது.
மூவாயிரத்து எண்ணூறு:
றோட்டைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது.
ஜெனிற்றா திரும்பி வந்து ஒன்றும் பேசவில்லை,
பெருவிரலை மட்டும் கண்ணாடிக்கு வெளியே நீட்டினாள்.

அன்றிரவு
ஒரு பெட்டியில் இருந்த சரி அடையாளத்தை எடுத்து
அடுத்த பெட்டியில் வைத்தேன்.
பொறியை மறுக்காதே, பெற்றோலை மறு.
எரியாத பெற்றோல் இல்லை, வெடியும் இல்லை.
"ரேர்போ நிரம்பாதே" என்றாள்.
"தெரியும்."
"எவ்வளவு போகும்?"
"கால் செக்கன். சிலவேளை கூட."
தலைமயிரை இறுக்கிக் கட்டினாள், அவ்வளவுதான்.

ஞாயிறு சுன்னாகத்து லான்சர் வந்தது.
அவனிடம் இந்த வித்தை ஒன்றும் இல்லை,
வலது காலும் காதும்தான்.
தவரூபன் இரண்டு பொனற்றுக்கும் நடுவே
கையைத் தூக்கியபடி நின்றான்.
எங்கள் கார் மூவாயிரத்து எண்ணூறில்
தடிமன் பிடித்தவன் மூக்கால் மூச்சு விடுகிறமாதிரிக்
கிடந்து இரைந்தது.
ஒரு மயிலும் கத்தவில்லை.

லைற் விழுந்தது.
நானூறு மீற்றர்.
அரைப் பொனற்றால் தோற்றோம்.

சனம் லான்சரைச் சுற்றி நின்றபோது
தவரூபன் எங்களிடம் நடந்து வந்தான்.
"ஏன் இண்டைக்கு வெடிக்கேல்லை? பழுதோ?"
"ஓம், பழுது."
"சீ. அந்தச் சத்தம் வந்திருந்தால் வெண்டிருப்பம்"
என்றபடி
வலது காதிலிருந்து பஞ்சை உருவினான்,
பிறகு இடது காதிலிருந்து.
வெள்ளைப் பஞ்சு, புதுசு, வடிவாய் உருட்டியது.
வீட்டில் இருந்தே கொண்டுவந்திருக்க வேண்டும்.

லாப்டொப்பைத் திறந்தேன்.
இரண்டு பெட்டி. ஒரு சரி அடையாளம்.
பற்றறி ஒன்பது வீதம் என்று காட்டியது.
ஜெனிற்றா எட்டிப் பார்த்தாள்,
தவரூபன் பஞ்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
லான்சர்க்காரனிடம்
இன்னொரு ஓட்டம் கேட்கப் போனான்.