கணக்கில் வராத பந்து

பதினோராவது மைதானம், மில்வாக்கி.
டெல்மர் பென்சில் சீவுகிறான்,
ஸ்கோர் அட்டையில் ஒரு கட்டத்தையும் விடமாட்டான்.
ரோவீனா வழக்கம்போல் துப்பறியும் நாவலில்.
க்ளீவ்லாந்தில் இரண்டு கொலை,
டெட்ராய்ட் மழையில் ஒன்று.

ஆறாவது இன்னிங்ஸில்
மட்டை விளிம்பில் பட்டுத் தெறித்தது ஃபவுல் பந்து.
நாற்பது வருஷம் அவன் கையுறை விரித்துக் காத்திருந்தது
அவள் மடியில்,
நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் விழுந்தது.
முன்வரிசை எழுந்து கைதட்டியது.
அட்டையில் அதற்குக் கட்டமே இல்லை.

அயோவாவின் சோளம் தீரும்வரை
டெல்மர் வாய் திறக்கவில்லை.
பெட்ரோல் போடும்போது கேட்டாள்:
"ஃபவுல்னா அவுட்டா?"
"இல்ல. மறுபடி அடிக்கலாம்."
"எத்தனை தடவை?"
பம்பில் எண்கள் ஓடின.
"அவுட்டாகும் வரைக்கும்."

டென்வருக்கு இன்னும் ஐந்நூறு மைல்.
டேஷ்போர்டில் பந்து
ஒரு வளைவில் அவள் பக்கம் உருளும்,
மறு வளைவில் அவன் பக்கம்.
கொலைகாரன் யாரென்று
அவள் இன்னும் படிக்கவில்லை.