மெஜந்தா தீர்ந்துவிட்டது

படகு வராத மூன்றாம் நாள்
ஹானுஸ் ஒரு பிரிண்டரைத் தூக்கிவந்தான்.
தள்ளுபடி. மீன் வாங்கிய மிச்சத்தில் வாங்கியிருக்கலாம்,
அத்தனை மலிவு.
"இனி உன் படங்கள் கடல் தாண்ட வேண்டாம், மார்யூன்."

பிறகு மை வாங்கும் நாள் வந்தது.
நான்கு குப்பி, கட்டைவிரல் பருமன்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
ஹானுஸ் பில்லை மடித்தான், மறுபடி மடித்தான்,
தபால்தலை அளவானதும்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

நான் கடைக் கட்சி.
தலைநகரில் தோராவின் கடைக்கு
ராத்திரி அனுப்பினால்
வியாழன் படகில் உறை வரும்.
ஓரம் நேராக, விரல்ரேகை படாமல்,
ஆட்டுக்குட்டியின் வெள்ளை வெள்ளையாகவே.

ஒரு குறை.
அவள் இயந்திரத்துக்கு மூடுபனி ஆகாது.
ஃபாரோவில் மதியமே மங்கல்தான்;
அது கண்ணைக் கசக்கி எல்லாவற்றையும் வெளுத்துவிடும்.
மழையில் நின்ற என் மாமனாரை ஒருமுறை
கிரேக்கக் கடற்கரையில் நிறுத்தி அனுப்பியது.
ஹானுஸ் அதை ஃப்ரிட்ஜில் ஒட்டினான்,
அடியில் எழுதினான்:
அப்பாவின் ஒரே வெளிநாட்டுப் பயணம்.

வீட்டுக்காரியோ
ஒரு மாதம் சும்மா விட்டால் மூக்கடைத்துக்கொள்வாள்.
சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று
பாதி மையைத் தானே குடிப்பாள்.
வெயில் நாளிலும் கோடு கோடாக மழை.
கடைசியில்
கம்பளி நூல் மூட்டைக்கடியில் போய்ச் சேர்ந்தாள்.

மார்ச்சில் ஒரு படம் எடுத்தேன்.
குளியலறைக் கண்ணாடி முன், சட்டை இல்லாமல்,
கட்டுப் பிரித்த பதினோராம் நாள்.
இடப்பக்கம் இருந்தது இல்லை.
அங்கே ஒரு சிவப்புக் கோடு,
எழுதப் பழகாதவர் போட்ட
கையெழுத்துப் போல.
யாரும் கேட்ட படமில்லை.
எனக்குத்தான் காகிதத்தில் வேண்டியிருந்தது.
போனில் பார்த்தால்
விரல் பட்டதும் பெரிதாகிறது,
நழுவி அடுத்த படத்துக்குப் போகிறது;
அடுத்தது யாருடைய பிறந்தநாள் கேக்கோ.

அனுப்பும் பொத்தான் மேல் விரல் வைத்தேன்.
தோராவுக்கு நீச்சல் கற்றுத்தந்தவள் நான்.
ஆறு வயதில் இந்தத் தோளைக் கவ்விக்கொண்டு
ஆழப்பக்கம் தாண்டினாள்.
தவறாக நினைக்கமாட்டாள்.
நினைப்பாள், அதுதான் சங்கடம்.
உறைக்குள் ஒரு கேரமல் மிட்டாய் வைப்பாள்.
அதற்கும் மேலே, அவள் இயந்திரம்
இது தோல் என்று கண்டுகொள்ளும்;
இதமாக, கேட்காமல்,
அந்தக் கோட்டைத் துடைத்துவிடும்.

நள்ளிரவு. நூல் மூட்டையை நகர்த்தினேன்.
பிரிண்டர் இருமியது,
தாளைப் பல்லில் கடித்தது,
அங்குலம் அங்குலமாக என்னைத் துப்பியது.
மெஜந்தா தீர்ந்திருந்தது.
பாசி நிறத்தில் ஒரு பெண்.
தழும்பு மட்டும் மஞ்சள்,
எலுமிச்சைத் தோல் சீவலாய்.

சத்தம் கேட்டு ஹானுஸ் வந்தான்.
படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"சொன்னேனா இல்லையா,
மாசம் ஒரு தடவையாவது ஓட்டணும்னு."
சிரித்தேன். தையல் இருந்த இடம் இழுத்தது,
பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

உள்பனியனோடு தரையில் உட்கார்ந்து
அவன் மூக்கைச் சுத்தம் செய்தான்.
இரண்டாவது தாளிலும் அதே பாசி.
மூன்றாவதில் மழை, மழைக்குள் நான்.
நான்காவதற்குள் மஞ்சளும் தீர்ந்து
நீலமாக வந்தேன்.
தழும்பைக் காணோம்.
அதை மட்டும் கிழித்தேன்.

மற்ற மூன்றும் அலமாரிக் கதவின் உள்பக்கம்.
புது மெஜந்தா வியாழன் படகில் வந்தது,
தோராவின் உறையோடு, அதில் ஆட்டுக்குட்டிகள்.
குப்பியை இன்னும் பிரிக்கவில்லை.

ஹானுஸ் கணக்குப் போட்டுப் பார்த்தான்.
ஒரு தாளுக்கு இத்தனை குரோனா;
கடையில் ஆறில் ஒரு பங்கு.
நீ சொன்னதுதான் சரி என்றான்.
ஆமாம் என்றேன்,
அலமாரியைச் சாத்தாமல்.