பொய்யான காப்புரிமை

இரண்டு மணிக்கு வெயில் கிணற்றுக்கட்டில் ஏறி இருக்கும்.
அங்கே பேர்ணில் காலமை பத்தரை.
போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்தால்
ரெகுலாவின் முகம் வராது, கைதான் வரும்:
மோதிரத் தழும்பு மட்டும் மிச்சமுள்ள கை.

என் அண்ணன் எங்களோடு கதைத்துப் பதினொரு வருஷம்.
அவளோடு கதைத்து ஆறு.
அவன் விட்டுப்போன இரண்டு பெண்கள்
ஞாயிறுதோறும் பின்னுகிறோம்,
அவள் பேர்ணில், நான் கோண்டாவிலில்.
மூங்கில் ஊசியும் சாம்பல் நிறக் கம்பளியும் பார்சலில் வந்தன.
சுங்கத்தில் பிரித்துப் பார்த்து
வேறு டேப்பால் ஒட்டியிருந்தார்கள்.

எங்களுக்குள் பொதுவாய் ஒரு மொழி இல்லை.
அவளிடம் மூன்று தமிழ்ச்சொல் இருக்கிறது:
சும்மா. சாப்பிட்டாச்சா. ஐயோ.
என்னிடம் ஒன்று முதல் நாற்பது வரை டொச்.
நாற்பது கண்ணி வேண்டாம் என்றாள் முதல் நாளே,
ஒரு விரலை மடக்கிக் காட்டி.
முப்பத்தொன்பது.

பள்ளிக்கூடத்தில் மனையியல் படித்தவள் நான்.
நூலை வலக்கையில் பிடித்து
ஊசியைச் சுற்றி எறிவேன்,
வள்ளத்துக்குக் கயிறு எறிகிறவன் மாதிரி.
ரெகுலா சிரித்தாள். நூலை இடக்கைக்கு மாற்றச் சொன்னாள்.
சின்னவிரலில் ஒரு சுற்று, சுட்டுவிரலுக்கு மேலால்,
பிறகு விரலை நிமிர்த்திப் பிடி, அவ்வளவுதான்;
வலது ஊசி தானாய் வந்து கொத்திக்கொண்டு போகும்.

இடக்கை.
காசு நீட்டாத கை, விபூதி வாங்காத கை,
முதலாம் வகுப்பில் அடிமட்டத்தால் வாங்கித்
திருந்தின கை.
நாற்பத்தாறு வயதில் அதனிடம் ஒரு நூலைக் கொடுத்தால்
நம்புமா?
முதல் கிழமை முழுக்க இறுக்கிப் பிடித்திருந்தது,
திருப்பிக் கேட்டுவிடுவார்கள் என்பதுபோல.

நேர் இரண்டு, மறி இரண்டு.
நேருக்கு நூல் பின்னால் நிற்கும், மறிக்கு முன்னால் வரும்.
இடையில் கரண்ட் போகும்.
வேர்வையில் கம்பளி ஊசியோடு ஒட்டிக்கொள்ளும்.
பக்கத்து வளவு யோகாம்பிகை மதிலால் எட்டி
“ஆனி வெயிலுக்கை ஆருக்கடி குளிருது?” என்றாள்.
சும்மா, என்றேன்.

வரிசை முடிவில் மூன்று கண்ணி மிஞ்சும்.
நேர் இரண்டு, மறி ஒன்று.
மற்ற மறிக்கு இடமில்லை.
அப்படியே திருப்பி, மறுபடி நேரில் தொடங்கினால்
ஒரு கண்ணி முந்தின வரியோடு ஒத்துப்போகும்,
அடுத்தது எதிர்த்து நிற்கும்.
பிழை என்று அவிழ்த்தேன். மூன்றுதரம் அவிழ்த்தேன்.
மூன்றுதரமும் அவள், “ஐயோ.”
நீட்டமில்லாத, பனியில் வளர்ந்த ஐயோ.

நாலாம் தரம்
தன் துண்டைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தாள்.
மேடும் பள்ளமுமாய், வெங்காயப் பாத்தி.
திருப்பினாள். அதே பாத்தி.
இன்னொருக்கால் திருப்பினாள்.
எந்தப் பக்கத்தில் தொடங்கினாள் என்று
அவளுக்கே தெரியவில்லை.
இழுத்தாள். ஒரு சாண் இரண்டு சாணாகி
விட்டதும் ஒரு சாணானது.
பேர் கேட்டேன். எழுதி அனுப்பினாள்.
செயலி தமிழாக்கியது:
பொய்யான காப்புரிமை.
இருவரும் சிரித்தோம், அவள் எதற்கென்று தெரியாமலே.

ஆவணி வந்துவிட்டது. இடக்கை இளகிவிட்டது;
சோறு பரிமாறும்போதும் சுட்டுவிரல் நிமிர்ந்து நிற்கிறது.
இனி ஒரு தொப்பி, என்று தலையைத் தொட்டுக் காட்டினேன்.
யாருடைய தலை என்று நான் சொல்லவில்லை,
அவள் கேட்கவில்லை.
அளவு வேண்டாம், இழுபடும், என்று
இரண்டு கையாலும் காற்றை இழுத்து விட்டாள்.

பிறகும் எழும்பிப் போனாள்.
கதிரையும் ஜன்னலும் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தன.
திரும்பி வந்தவளின் கையில் ஆம்பிளைத் தொப்பி ஒன்று,
பழசு, நீலம், விளிம்பில் மயிர்முனை ஒட்டினபடி.
விரல்வைத்துக் கண்ணி எண்ணத் தொடங்கினாள்,
சத்தமாய், நான் எழுதிக்கொள்ள.
நாற்பதுக்குப் பிறகு எனக்கு எண் தெரியாது.
அவள் எண்ணிக்கொண்டே போனாள்.