கால் டேங்குக்கும் கீழே

கப்பல் ஏறும் வண்டியில் பெட்ரோல்
கால் டேங்குக்கு மேல் இருக்கக் கூடாது
என்றார் சென்னையிலிருந்து ஏஜென்ட் ஹமீது.
டிக்கியில் ஒரு கைக்குட்டைகூட ஆகாது.
சக்கரத்தில் மண் ஆகாது.
விதை கிதை ஒட்டியிருந்தால்
பெர்த்தில் இறக்க விடமாட்டார்கள் மேடம்.

நானோ பழக்க தோஷத்தில்
முதல் தேதியே நிரப்பியிருந்தேன். முள் முக்காலில்.
கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டி வந்து
கழுத்துவரை நிரப்பிக்கொண்டு போகும் ஊரில்
காலி செய்ய வழி தேடி நின்றேன்.

ட்யூப் போட்டு உறிஞ்சிடலாம்க்கா, அஞ்சு நிமிஷம்
என்றான் மெக்கானிக் சிலம்பு.
வேண்டாம்.
ஓட்டியே தீர்க்கிறேன்.

(ஒரு பழைய வேகன் ஆருக்கு இந்தச் செலவா என்று
நீங்களும் கேட்பீர்கள்.
அவர் அங்கிருந்து கணக்கே போட்டு அனுப்பினார்:
கப்பல் கூலிக்கு இங்கே இதைவிட நல்லதாய் ஒன்று வரும்.
கணக்கு சரிதான்.
வீட்டுப் பத்திரம் மாமனார் பெயரில்.
கேஸ் புத்தகம் அவர் பெயரில்.
ஆர்.சி. புத்தகத்தில் மட்டும்
உரிமையாளர் என்ற இடத்தில்
நான் முழுதாக இருக்கிறேன்,
இனிஷியல்கூடத் தப்பில்லாமல்.)

முதலியார்பேட்டையில் கிளம்பி
அரியாங்குப்பம் பாலம், சுண்ணாம்பாறு,
தவளக்குப்பத்தில் கொத்துப் பரோட்டாச் சத்தம்,
கன்னியக்கோயில், முள்ளோடை,
பெண்ணையாறு தாண்டி
மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப.
இரவுக்கு மூன்று நடை. மூன்று இரவு.
ஏசி போட்டுக் கண்ணாடியை இறக்கினேன்.
மூன்றாவது கியரிலேயே இழுத்தேன்.
ஆளில்லாத இடத்தில் ஹாரன் அடித்தேன்,
பள்ளிக்கூட வாசலில் அடிக்காமல் விட்டதையும் சேர்த்து.

இரண்டாம் இரவு சோதனைச் சாவடியில் கை காட்டினார்கள்.
மூணு தடவை பாத்துட்டேன், டிக்கியத் திறங்க.
திறந்தேன்.
ஸ்டெப்னிக்கு அடியிலும் டார்ச் அடித்தார்.
புதுச்சேரியிலிருந்து ஒரு பாட்டில்கூட இல்லாமல்
இவ்வளவு காலியாக வரும் வண்டியை
அவர் சர்வீஸில் பார்த்ததில்லை போல.
சந்தேகத்தோடுதான் விட்டார்.

மூன்றாம் இரவு, விளையாட்டு கொஞ்சம் மிஞ்சிப்போய்,
அரியாங்குப்பம் பாலத்து நடுவில்
ரெண்டு தரம் இருமி நின்றுவிட்டது.
மணி நாலு. பத்துக்கு ட்ரெய்லர் வரும்.

ஐஸ் பெட்டி கட்டிய டிவிஎஸ்ஸில் ஒருவர் வந்தார்.
துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகிறவர். தனவேலு.
எங்க போற வண்டிம்மா?
பெர்த்.
ரயில்லயா ஏத்தறீங்க? அப்பரா, லோயரா?
விளக்க அந்த நேரத்தில் தெம்பில்லை.
லோயர் என்றேன்.

அவரே ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சி,
துப்பி,
தண்ணீர் பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து ஊற்றினார்.
காசை நீட்டினால்
திரும்பி வந்து குடுங்க என்று
கிக்கரை உதைத்துப் போய்விட்டார்.

ஆறு மணிக்கு வாட்டர் சர்வீஸ்.
சிலம்பு அடியில் நுழைந்து பம்ப் பிடித்தான்.
வீராம்பட்டினத்து மணல்,
பாகூர் ஏரிக்கரைக் களி, வானூர்ச் செம்மண்,
எந்த ஊர் என்று தெரியாத ஒரு புளியங்கொட்டை.
நான் குனிந்து எடுப்பதற்குள்
சாக்கடைக் கம்பிக்குள் போயிற்று.

படிவம் நான்கு பக்கம்.
மண்: இல்லை. விதை: இல்லை.
உள்ளே பொருட்கள்: இல்லை.
எரிபொருள் என்ற இடத்தில் பேனா நின்றது.
எவ்வளவு இருக்கும் சிலம்பு?
ஒரு டம்ளர் இருந்தா அதிகம்க்கா.
டம்ளருக்கு அங்கே கட்டம் இல்லை.
அந்த டம்ளரும் என்னுடையது இல்லை.

வண்டியை ஏற்றிக் கயிறு போட்டாயிற்று.
போனில் ஹமீதைக் கேட்டேன்.
அதுக்கெல்லாம் யோசிக்காதீங்க மேடம்,
நில்லுன்னு போடுங்க என்றார்.

எனக்கு அது தமிழில்தான் கேட்டது.
ட்ரெய்லர் அதற்குள்
மரப்பாலத்தில் திரும்பியிருந்தது.