மூன்றாம் எண் குலுக்கல்

வால்டிவியாவில் ஆறாம் நாளாக மழை.
விறகடுப்பின் அருகே
பதினான்கு ஜோடிக் காலுறைகள் காயும் வாடை.

தரையில் கோலிக்குண்டுகள்,
மேலே ரொட்டி சுடும் தகரத் தட்டு.
இதுதான் பூமி என்றேன்.
ஒருவரும் மறுக்கவில்லை.

வேகாத ஸ்பாகெட்டி, களிமண் உருண்டை.
கட்டுங்கள்.

காஸ்பரின் கோபுரம் அவன் மூக்கு வரை வந்தது;
ஒன்றாம் எண் குலுக்கலுக்கே
பொலபொலவென்று உதிர்ந்தது.
அழவில்லை. உடைந்த குச்சியொன்றை
முகர்ந்து பார்த்தான், பிறகு தின்றான்.

எலுனேய் குறுக்கே ஒரு குச்சி செருகினாள்.
சாய்ந்த சதுரம் நிமிர்ந்து நின்றது.
ஏன் என்று அவள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
செருகிக்கொண்டே போனாள்,
அடுத்தவர் வீட்டுக்கும்,
சண்டை வரும்வரை.

மில்லாராய் மட்டும்
குச்சிகளைத் தட்டில் படுக்க வைத்தாள், வரிசையாக.
இரண்டு, மூன்று,
கை வலிக்கக் குலுக்கினேன்.
"என் வீடு ஏற்கெனவே விழுந்திடுச்சு, டீச்சர்.
இனிமே விழாது."
"உள்ளே இருக்கிறவங்க?"
"எல்லாரும் படுத்திருக்காங்க."

மதிப்பீட்டுத் தாளில் உயரத்துக்கு ஒரு கட்டம்,
நின்ற நேரத்துக்கு ஒரு கட்டம்.
பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தேன்.

பிற்பகல், பால் குடிக்கும் வேளையில்
கோப்பைகள் கிணுகிணுத்தன.
விளக்கு ஆடியது. நான்கு நொடி.
நான் சொல்லும் முன்பே
மேசைகளுக்கடியில் பதினான்கு தலைகள்.
அங்கிருந்து காஸ்பர்:
"இது எந்த எண், டீச்சர்?"

"ஒண்ணுதான்" என்றாள் மில்லாராய்,
படுத்தபடி.