இடது முன்கால், மூன்றாம் நகம்

பசுமலை பங்களா ஏலத்தில்
எட்டாயிரத்துக்கு வந்தது அந்த இங்கிலீஷ் சோபா.
கூடவே ஒரு கண்ணாடிச் சட்டம், கண்ணாடி இல்லாமல்.
முனிச்சாலைக் கடை வாசலில் இறக்கும்போது
மினி லாரிக்காரர் கேட்டார்:
“இது யார் வீட்டு நாய்?”

முழங்காலுக்கு ஒரு முகம், பிடரி சுருண்டு.
சிங்கம்தான்.
லண்டனில் செதுக்கியவன் சிங்கம் பார்த்ததில்லை போல.
தெருவில் படுத்திருந்ததைப் பார்த்து
மயிரை மட்டும் கூட்டியிருக்கிறான்.
சாய்மானம் முழுக்க ஒரே இலை,
ஓரம் கிழிந்து, சுருண்டு,
தன் முதுகைத் தானே எட்டிப் பார்க்கிற இலை.
நம் பக்கம் எந்த மரத்திலும் அது இல்லை.
நடுவில் சிப்பி.
அதன் வரிப்பள்ளங்களில் யார் யார் வீட்டுத் தூசியோ.

முதலாளி சிக்கந்தருக்கு அந்த மங்கல் பிடிக்கவில்லை.
“கல்யாண மேடைக்குப் போறது. இழவு வீட்டுக் களை எதுக்கு?”
டவுன்ஹால் ரோட்டில் நாலு ஸ்பிரே டப்பா,
ஒரு மத்தியானம்.
நாயும் இலையும் சிப்பியும்
ஸ்வீட் பெட்டி நிறத்தில் காய்ந்தன.

அன்றிலிருந்து அது ‘ராஜா செட்’.
நாள் வாடகை ஆயிரத்து ஐந்நூறு, ஏற்றுகூலி தனி.
நான் கணக்கு எழுதுகிறவள்.

ஆவணி முகூர்த்தம், தெப்பக்குளத்துப் பக்கம் மண்டபம்.
மணப்பெண்ணின் சரிகை இலைநுனியில் மாட்டிக்கொள்ள
யாரோ இழுக்க, யாரோ தள்ள,
பாதத்தில் ஒரு நகம் பெயர்ந்தது.
பெண்வீட்டார் சேலைக்குக் காசு கேட்டார்கள்.
முதலாளி நகத்துக்குக் கேட்டார்.
கடைசியில் இரண்டு பக்கமும் ஐஸ்கிரீம் சாப்பிட்டது.

நகம் என் பையில் வந்தது.
உடைந்த வாயில் பார்த்தேன்:
ஸ்பிரேக்கு அடியில் வேறொரு மஞ்சள், மூச்சு விட்டால் கிழிகிற அளவு.
அதற்கும் கீழே காவிச் சிவப்பு.
பிறகு சாக்பீஸ் வெள்ளை.
பிறகு மரம். வெறும் மரம்.

தெற்காவணி மூல வீதியில் தாயுமான ஆசாரி
ஸ்பிரேயைச் சுரண்டினார்.
உரைகல்லில் மெல்லத் தேய்த்து, அமிலம் ஒரு சொட்டு.
கோடு போகவில்லை.
“தங்கம்தாம்மா. நல்ல தங்கம்.
எடைதான் இல்ல.”

கூலி வாங்கவில்லை அவர்.

சிக்கந்தரிடம் சொன்னால் உப்புத்தாள் எடுப்பார்.
சொல்லாவிட்டால்
தீபாவளிக்கு இன்னொரு கோட்டிங் அடிப்பார்.
பேரேட்டைத் திறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
வரவா, சேதமா, எந்தப் பத்தி?
எழுதியது இவ்வளவுதான்:
ராஜா செட். இடது முன்கால். மூன்றாம் நகம் இல்லை.

நாளை விரகனூரில் வளைகாப்பு.
ஏழு மாதக்காரி ஒருத்தி
வீங்கிய பாதத்தை அதன் பாதத்துக்கு அருகில் வைப்பாள்.
ஒரு நகம் குறைவாக அது நிற்கும்.
குரைக்காது.