மூன்றாம் நாள், ருஸ்தாவியில்

ஒத்தார் இரவல் கொடுத்த ஜாக்கி
வாய் பிளந்த முதலை போல முற்றத்தில் கிடந்தது.
நானும் வாழாவும் பேசி
மூன்று நாளாகியிருந்தது.

கார் எங்களுடையதுதான்.
பதினோரு தவணை பாக்கி.
அமெரிக்காவில் ஏதோ ஒரு வெள்ளத்தில் மூழ்கி
கப்பலேறி வந்தது.
காகிதத்தில் அப்படி இல்லை.
ஆனால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால்
பெயர் தெரியாத ஓர் ஆற்றின் வண்டல்
விரலில் ஒட்டும்.
வாங்கிய அன்றே அதைப் பார்த்துவிட்டேன்,
சொன்னது இந்தச் செவ்வாய்க்கிழமை.
அங்கே தொடங்கியது.

முன்பிரேக் கத்துகிறது.
வாழாவின் இடுப்பில் பட்டை, குனியக் கூடாது.
டாக்சி நின்றால் அடுப்பும் நிற்கும்.
ஆகவே நான்.

முற்றம் சரிவு.
கண்ணுக்குத் தெரியாது,
பிள்ளைகளின் பந்துக்குத் தெரியும்.
அந்தப் பந்து எப்போதும் போய் நிற்கும்
குப்பைத் தொட்டியைப் பார்த்து அளந்துகொண்டு
பின்சக்கரங்களுக்கு அண்டை கொடுத்தேன்.
முதலில் கையில் கிடைத்தது செங்கல்.
அதைத் தூர எறிந்தேன்.
செங்கல் சொல்லாமல் உடையும்,
மரக்கட்டை முனகிவிட்டு உடையும்.
எங்கள் வீட்டில் யார் எது என்று
அப்போது யோசிக்கவில்லை.

சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போதே
நட்டுகளைக் கால் திருகு இளக்கினேன்.
ஒவ்வொன்றும் கிறீச்சிட்டது.
நான்காம் மாடியிலிருந்து ஒத்தார்:
“நல்ல ஜாக்கி, நாத்தேலா!
முப்பது வருஷம், ஒரு சொட்டு ஒழுகியதில்லை!”
டோமினோ மேசையில் இருந்தவர்கள்
ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

முன்குறுக்குச் சட்டத்துக்கு நேரே ஜாக்கி.
கைப்பிடியை அமுக்க அமுக்க
மூக்கைத் தூக்கியது கார்,
பல்மருத்துவரிடம் வந்த குழந்தை போல
கொஞ்சம் கொஞ்சமாக, மனமில்லாமல்.
தொங்கிய சக்கரத்தைத் தொட்டேன், சுழன்றது.
அரை டன் இரும்பை அந்தரத்தில் நிறுத்துவது
கொஞ்சம் எண்ணெய்,
மோதிரத்தின் அகலமே உள்ள ஒரு ரப்பர் வளையம்.

அடுத்து முக்காலிகள்.
கதவுக்குக் கீழே தகட்டின் விளிம்பில்
இரண்டு வெட்டுக்குறிகள் இருக்கும்,
அவற்றின் நடுவே வைக்க வேண்டும்,
ஒரு விரல் தள்ளினால் தகடு அப்பளம்.
குறியைத் தடவிப் பார்க்க
உடம்பைச் சாய்த்துக் கையை உள்ளே விட்டேன்.

ஒரு பூட்ஸ் குறுக்கே வந்தது.
வாழாவின் பூட்ஸ், இடது கால்,
என் முழங்கைக்கும் காருக்கும் நடுவில்.
முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.
முற்றம் பெருக்கும் துடைப்பத்தின் கட்டையால்
முக்காலியை உள்ளே தள்ளினான்,
கோணலாக, இன்னும் கோணலாக,
பிறகு நேராக.
அந்தப் பக்கம் போய் இன்னொன்று.
பெரிய மேஸ்திரி, என்று நினைத்துக்கொண்டேன்.

ஜாக்கி பெருமூச்சு விட்டது.

அவ்வளவுதான் சத்தம்.
கார் மூன்று விரல் கடை இறங்கி
முக்காலிகளின் மேல் உட்கார்ந்தது.
தார்த்தரையில் கறுப்பாக ஒரு வட்டம்
மெதுவாக அகன்றது.
டோமினோக்காரர் ஒருவர் சிலுவைக்குறி போட்டார்.
மாடியில் ஒத்தார் இல்லை.

என் முழங்கையைப் பார்த்தேன்.
சட்டையில் ஒரு பொத்தான் போயிருந்தது,
அது நேற்றே போனது.

தூக்குவது வேறு, தாங்குவது வேறு.
தெரிந்துதான் இருந்தது எனக்கு.

கார் அசைகிறதா என்று இடுப்பால் முட்டிப் பார்த்தேன்.
அவனும் எதிர்ப்பக்கத்திலிருந்து முட்டினான்.
அசையவில்லை.
பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினேன்.
கழற்றியதை அவன் காலாலேயே உருட்டி
காரின் வயிற்றுக்கடியில் படுக்க வைத்தான்,
இன்னொரு காப்பு.
நட்டுகளைத் தன் தொப்பியில் வாங்கிக்கொண்டான்.

பட்டைகள் தேய்ந்து நகம் போல் இருந்தன.
மாற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று, விரல்கள் விறைத்தன.
உருக்காலைப் புகை சாய்ந்த திசையிலிருந்து
மழை வரப் பார்த்தது.

தொப்பியிலிருந்து ஒவ்வொரு நட்டாக நீட்டினான்.
ஒன்று, அதற்கு எதிரே ஒன்று,
நட்சத்திரம் வரைவது போல.

வேறொரு ஜாக்கி கேட்டு வாங்கி இறக்கும்போது
இருட்டிவிட்டது.
“ஒத்தாரிடம் சொல்ல வேண்டும்,” என்றேன்,
காரைப் பார்த்து.
“வளையம் போய்விட்டதென்று.”

“நான் சொல்கிறேன்,” என்றான் வாழா.